பழைய மாத்திரை தோற்கவில்லை

உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு வார்ஃபரின், ஏசிட்ரோம் வகை மாத்திரையை மிஞ்சிய மருந்து இன்னும் வரவில்லை. அந்த மாத்திரைக்குத் தேவையான ரத்தப் பரிசோதனைதான் அவர்கள் ஊருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

2022 ஆகஸ்ட் கடைசியில், பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய இதயநோய் மாநாட்டில் ‘இன்விக்டஸ்’ என்ற ஆய்வின் முடிவை அறிவித்தார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சராசரியாக மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. எல்லோருக்கும் ருமாட்டிக் இதயநோய். அதனால் இதயத் துடிப்பும் தாறுமாறாகிப் போனவர்கள். பாதிப்பேருக்கு ரிவராக்ஸபான் என்ற புதிய உறைவுத்தடுப்பு மாத்திரை. மீதிப்பேருக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புழங்கிவரும் வார்ஃபரின் வகை மாத்திரை. புதியது குறைந்தபட்சம் பழையதற்கு ஈடுகொடுக்கும் என்று நினைத்துத்தான் ஆய்வையே தொடங்கினார்கள்.

முடிவு அப்படி வரவில்லை. ரிவராக்ஸபான் சாப்பிட்டவர்களில் 552 பேர் இறந்திருந்தார்கள். பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில் 442 பேர். பக்கவாதமும் புதிய மாத்திரைக்காரர்களுக்கே அதிகம் வந்திருந்தது. ரத்தக்கசிவு விஷயத்திலாவது புதியது தெளிவாக ஜெயித்ததா என்றால், அதுவும் இல்லை.

இந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அப்போது தில்லி எய்ம்ஸில் இருந்த இதயநோய் மருத்துவர் கணேசன் கார்த்திகேயன். ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது ஐம்பதுதான். பத்தில் ஏழு பேர் பெண்கள். இந்த இரண்டு விவரங்களும் நம் ஊர் அரசு மருத்துவமனைகளின் இதயநோய்ப் புறநோயாளிப் பிரிவை அறிந்தவர்களுக்கு ஆச்சரியம் தராது. வால்வுக்காக அங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்களேதான்.

தொண்டை வலியில் தொடங்கும் கதை

ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் ஒரு குழந்தைக்குத் தொண்டை வலி வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. நான்கு நாளில் சரியாகிவிடுகிறது. டாக்டரிடம் யாரும் கூட்டிப்போவதில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் படை, இதய வால்வையும் எதிரியென்று நினைத்துத் தாக்கிவிட்டது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வலி போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு போகாது. ஆண்டுக்கு ஆண்டு தடித்துச் சுருங்கும்.

பல பெண்களுக்கு இது முதல் கர்ப்பத்தில்தான் வெளியே வருகிறது. கர்ப்பத்தில் இதயம் கூடுதலான ரத்தத்தைத் தள்ள வேண்டும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் அது முடிவதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் இருமல் வருகிறது. ‘ரத்தசோகையாக இருக்கும்’ என்று இரும்புச்சத்து மாத்திரையோடு மாதங்கள் ஓடிவிடுகின்றன. வால்வு சுருங்கியதால் ரத்தம் தேங்கி, இதயத்தின் இடது மேலறை பெருத்துப்போகும். பெருத்த அறை ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்கத் தொடங்கும். தேங்கிய ரத்தம் உறையும். அந்தக் கட்டியின் ஒரு துணுக்கு மூளைக்குப் போனால், முப்பத்தைந்து வயதில் பக்கவாதம்.

வால்வு மிகவும் கெட்டுப்போனால் மாற்றியாக வேண்டும். விலங்குத் திசுவில் செய்த வால்வுக்கு ஆயுள் முழுக்க உறைவுத்தடுப்பு மாத்திரை தேவையில்லை. ஆனால் இளம் வயதுக்காரர்களுக்கு அது பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பழுதாகி, இரண்டாவது அறுவை சிகிச்சையில் கொண்டுவந்து நிறுத்தும். அதனால் இருபது, முப்பது வயதுக்காரர்களுக்குப் பெரும்பாலும் உலோக வால்வு. இந்தியாவிலேயே உருவானதும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உழைத்தவர்கள் முந்தைய வடிவங்கள் தோற்றும் விடாமல் நான்காவது வடிவத்தில் வெற்றி கண்டார்கள். 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தினார்கள். சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெளிநாட்டு வால்வை வாங்க வழியில்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு அது உயிர் கொடுத்தது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

உலோக வால்வு பொருத்தியவருக்கு அதன் சத்தம் கேட்கும். இரவில் வீடு அடங்கிய பிறகு ‘டிக், டிக்’ என்று பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். அந்தச் சத்தம் திடீரென்று மங்கினாலோ நின்றாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது; உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வால்வில் ரத்தம் உறைந்து இதழ் மாட்டிக்கொண்டிருக்கலாம். அப்படி நேராமல் காப்பதற்குத்தான் அந்த மாத்திரை. வாழ்நாள் முழுக்க, தினமும், ஒரே நேரத்தில்.

மாட்டுத் தீவனத்திலிருந்து

1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குச் சமவெளியிலும் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. கொம்பை அறுத்தால் போதும், ரத்தம் நிற்காது. பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போன இனிப்பு குளோவர் தீவனம்தான் காரணம் என்று ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தார். தீவனத்தில் இருந்த பொருள் எது என்பது மட்டும் பிடிபடவில்லை.

1933 பிப்ரவரியில், கடும் பனிப்புயலில், விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர் செத்த கிடாரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், அந்தத் தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாடிசன் நகருக்கு வந்தார். வார விடுமுறை. திறந்திருந்தது கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியலாளரின் ஆய்வகம் மட்டும். அந்தப் பால் கேனை லிங்க் மறக்கவில்லை. ஆறு ஆண்டுக்குப் பிறகு, 1939-ல், அவருடைய ஆய்வகத்தில் ஹரால்டு கேம்பெல் அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதன் வழிவந்ததுதான் வார்ஃபரின். 1948-ல் முதலில் எலி மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது.

எலி மருந்தா என்று கேட்டுப் பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. 1951-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள இதையே பெரும் அளவில் உட்கொண்டார். மருத்துவமனையில் வைட்டமின் கே கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அளவு மீறினாலும் மீட்க வழியுண்டு என்று மருத்துவர்கள் அதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். 1954-ல் மனிதர்களுக்கான மருந்தானது. அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் கொடுத்தார்கள். நம் ஊரில் அதிகம் எழுதப்படும் ‘ஏசிட்ரோம்’ என்கிற அசெனோகூமரால் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வார்ஃபரினைவிடச் சீக்கிரம் உடம்பை விட்டு வெளியேறும். ஒரு வேளை மறந்தாலும் அதன் விளைவு சீக்கிரம் தெரியும்.

ரத்தம் உறைவதற்கு வேண்டிய காரணிகளில் நான்கை (இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து என்று எண்ணிட்டு அழைப்பார்கள்) கல்லீரல் முழுமையாக்குவதற்கு வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினைப் புதுப்பித்துத் தரும் நொதியை இந்த மாத்திரை முடக்குகிறது. நான்கு காரணிகளும் அரைகுறையாக வெளிவருகின்றன. ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் நல்ல காரணிகள் தீர வேண்டுமே! ஆகவே இன்று மாற்றிய அளவின் பலன் முழுதாகத் தெரிய நாட்கள் ஆகும்.

புதியவை எங்கே ஜெயித்தன, எங்கே தோற்றன

புதிய மாத்திரைகளை மட்டம் தட்ட இதை எழுதவில்லை. டாபிகட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் ஆகியவை வந்ததால் லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கை இலகுவானது. 2011-ல் வெளியான ‘அரிஸ்டாட்டில்’ ஆய்வில் 18,201 பேர் பங்கேற்றார்கள். துடிப்பு தாறுமாறான அவர்களில் அபிக்ஸபான் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதமும் குறைந்தது, பெரிய ரத்தக்கசிவும் குறைந்தது, மரணமும் குறைந்தது. காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் நோய்க்கும் இவை சிறந்தவை. மாதாமாதம் ரத்தம் எடுக்க வேண்டாம், கீரைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஆனால் அந்தப் பெரிய ஆய்வுகளில் ஒரு நிபந்தனை இருந்தது. மைட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களையும் உலோக வால்வு பொருத்தியவர்களையும் சேர்க்கவில்லை. பணக்கார நாடுகளில் ருமாட்டிக் இதயநோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ஆய்வை வடிவமைத்தவர்களுக்கு அது ஒரு ஓரத்து நோய். நமக்கு அப்படி இல்லை. விலக்கப்பட்ட அந்தக் கூட்டம்தான் நம் மருத்துவமனைகளில் வரிசையில் நிற்கிறது. காப்புரிமை முடிந்து விலை இறங்கியதும், ‘டெஸ்ட் தேவைப்படாத மாத்திரை’ என்ற ஆசையில் அவர்களுக்கும் புதியவற்றை எழுதித் தரும் சபலம் பிறந்தது. யாருக்காகப் பரிசோதித்தார்களோ அவர்களுக்கான பதில்தான் கையில் இருந்தது; இவர்களுக்கான பதிலை யாரும் தேடவே இல்லை. இன்விக்டஸ் தேடியது. மருத்துவ ஆராய்ச்சியில் நம்மைப் போன்ற நாடுகளுக்கு இப்படியொரு ஆய்வு பல ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

உலோக வால்வில் முயன்றவர்களுக்குக் கிடைத்ததும் கசப்பான பாடம். டாபிகட்ரானை வைத்து நடந்த ‘ரீ-அலைன்’ ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். முடிவுகள் 2013-ல் வெளியாயின. பங்கேற்ற 252 பேரில் டாபிகட்ரான் சாப்பிட்டவர்களில் 9 பேருக்குப் பக்கவாதம். வார்ஃபரின் சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை. ரத்தக்கசிவும் டாபிகட்ரானில்தான் கூடுதல். அடுத்து, இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் அயோர்டிக் இடத்தில் ‘ஆன்-எக்ஸ்’ என்ற நவீன வால்வு பொருத்தியவர்களுக்கு அபிக்ஸபான் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் அதுவும் பாதியில் நின்றது. அபிக்ஸபான் பக்கம் ரத்தக்கட்டிகள் மூன்று மடங்குக்கு மேல்.

காரணம் வால்வின் பரப்பிலேயே இருக்கிறது. உடம்புக்கு அந்நியமான அந்தப் பரப்பில் ரத்தம் படும்போது உறைவுச் சங்கிலி தொடக்கத்திலேயே தூண்டப்பட்டு, த்ராம்பின் என்ற பொருள் அந்த இடத்தில் மட்டும் வெள்ளமாகப் பெருகுகிறது. டாபிகட்ரான் பெருகி வந்த த்ராம்பினைப் பிடித்துக் கட்டுகிறது. ஏரி உடைப்பெடுக்கும் இடத்தில் மணல்மூட்டை அடுக்குவது மாதிரி; வெள்ளம் அதிகமானால் மூட்டை நிற்காது. வார்ஃபரினோ வரத்துக்கால்களையே நான்கு இடத்தில் குறுக்கிவிடுகிறது. இன்விக்டஸில் ரிவராக்ஸபான் ஏன் பின்தங்கியது என்பதற்கு இவ்வளவு தெளிவான விடை இல்லை. அந்த மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்டவர்கள் அதிகம். இரண்டு பக்கத்துக்கும் இருந்த பெரிய வித்தியாசம் திடீர் மரணத்திலும் இதயம் செயலிழந்த மரணத்திலும்தான். மருத்துவர்கள் இன்றும் இதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. ஆன்டிபாஸ்போலிபிட் என்ற நோயில் உடம்பே ரத்தத்தை உறைய வைக்கும் எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கிறது. இளம் பெண்களுக்கு அடுத்தடுத்துக் கருச்சிதைவு, காரணமில்லாத பக்கவாதம் என்று இது வெளிப்படும். இந்த நோயின் கடுமையான வகைக்கு ரிவராக்ஸபானைக் கொடுத்த ‘ட்ராப்ஸ்’ ஆய்வும் 2018-ல் அதே மாதிரி பாதியில் நின்றது. இந்த நோயைக் கண்டுபிடிக்கும் முக்கியமான பரிசோதனை ஒன்றில் கண்ணாடி விரியனின் விஷத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். உறைதலின் பத்தாவது காரணியை அந்த விஷம் நேரடியாகத் தூண்டிவிடும். கடித்தால் ரத்தத்தை உறையவிடாமல் ஆளைக் கொல்லும் விஷம், ஆய்வகக் குழாயில் ரத்தத்தின் குணத்தைச் சொல்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் பாம்புக்கடி மருந்துக்காக விஷம் எடுக்கும் நான்கு பாம்புகளில் இந்த விரியனும் ஒன்று.

ஒரு எண், ஆயிரம் காரணங்கள்

மாத்திரை சரியான அளவில் வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது ஐ.என்.ஆர். என்ற எண். சாதாரணமாக ஒருவருக்கு அது 1. அயோர்டிக் உலோக வால்வுக்காரருக்குப் பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவே. மைட்ரல் உலோக வால்வுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவே. குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு. 1980-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் இந்த அளவுகோலை ஏற்கும்வரை ஒவ்வொரு ஆய்வகமும் ஒவ்வொரு வேதிப்பொருளை வைத்துச் சோதித்தது. ஒரே ரத்தம் ஓர் ஊரில் சரியென்றும் அடுத்த ஊரில் ஆபத்தென்றும் வந்தது. இப்போதும் முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பார்ப்பது நல்லது.

ஒருவருக்கு ஒரு மில்லிகிராம் போதும், இன்னொருவருக்கு ஐந்து வேண்டும். பாதிக் காரணம் மரபணு. சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகளில் அங்குள்ள சீனர், மலாய்க்காரர்களைவிட இந்தியர்களுக்கு வார்ஃபரின் கூடுதலாகத் தேவைப்பட்டது. அங்குள்ள இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள். மருந்து முடக்கும் அந்த நொதியின் மரபணுவில் இருக்கும் வேறுபாடுதான் பெரும் காரணம். புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தென்னிந்திய நோயாளிகளை வைத்து அசெனோகூமராலுக்கென்றே அளவு கணிக்கும் முறையை உருவாக்கினார்கள். வேறு நாட்டு அட்டவணையைப் பார்த்து இங்கே மருந்து கொடுக்க முடியாது என்பதை இப்படித்தான் நிரூபிக்க வேண்டும்.

இன்னொரு பாதி, அன்றாட வாழ்க்கை. ‘வால்வு போட்டவங்க கீரையே தொடக்கூடாது’ என்று வீட்டுக்கு வீடு சொல்லி வைத்திருக்கிறார்கள். தவறு. கீரையில் வைட்டமின் கே நிறைய இருப்பது உண்மை. வாரம் இரண்டு நாள் முருங்கைக் கீரை சாப்பிட்டுப் பழகியவர் அப்படியே தொடரலாம். மாத்திரையின் அளவை அதற்கேற்ப டாக்டர் வைப்பார். ஒரு மாதம் முழுக்க ஒதுக்கிவிட்டு, அடுத்த மாதம் தினமும் சாப்பிடுவதுதான் எண்ணைக் குலைக்கும். கீரையைவிட எனக்குப் பயம் தருவது மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக் வயிற்றில் புண்ணாக்கி ரத்தக்கசிவை வரவழைக்கும். வயிற்றுப்போக்குக்கு வாங்கும் மெட்ரோனிடசோல், படைக்குச் சாப்பிடும் ஃப்ளுகனசோல் இரண்டும் ஐ.என்.ஆரை விறுவிறுவென்று ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாகத் தரையில் இறக்கிவிடும். எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் முதலில் சொல்ல வேண்டியது, ‘நான் வால்வு மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்பதைத்தான். மலம் கறுத்துப் போவது, சிறுநீர் சிவப்பது, பல் ஈறில் நிற்காத ரத்தம், வழக்கமில்லாத தலைவலி: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும்.

கல்யாணமான இளம் பெண்ணுக்கு இந்த மாத்திரை இன்னும் கொடுமையான கேள்வியை எழுப்புகிறது. கருவின் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை வார்ஃபரின் குழந்தையின் மூக்கையும் எலும்பையும் பாதிக்கலாம். மாற்றாகப் போடும் ஹெப்பாரின் ஊசி நஞ்சுக்கொடியைத் தாண்டாது. ஆனால் தாயின் வால்வில் கட்டி பிடிக்கும் ஆபத்து கூடுகிறது. பல நாட்டுப் பதிவேட்டைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், உலோக வால்வோடு கருவுற்றவர்களில் பெரிய சிக்கல் எதுவும் இன்றிக் குழந்தை பெற்றவர்கள் 58 சதவீதம்தான். அதனால் கருத்தரிக்கும் முன்பே இதயநோய் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து திட்டமிட வேண்டும். வால்வு போட்டதை மாப்பிள்ளை வீட்டில் மறைத்துக் கல்யாணம் செய்யும் குடும்பங்கள் அந்தப் பெண்ணை மாத்திரையையும் மறைக்க வைக்கின்றன. புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் விழுங்கும் மாத்திரை என்றைக்காவது விட்டுப்போகும்.

பரிசோதனை எங்கே இருக்கிறது

இன்விக்டஸில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, தலைப்புச் செய்தியில் வராத ஒரு விவரம். பழைய மாத்திரைக்காரர்களில் ஆய்வில் சேர்ந்தபோது ஐ.என்.ஆர். சரியான எல்லைக்குள் இருந்தவர்கள் மூன்றில் ஒருவர்தான். ஒழுங்காகப் பரிசோதித்து அளவைச் சரிசெய்து வந்த பிறகு, எல்லைக்குள் இருந்தவர்கள் 56 முதல் 65 சதவீதமாக உயர்ந்தார்கள். ஐரோப்பியத் தரத்துக்கு அது சுமார்தான். அந்தச் சுமாரான கட்டுப்பாடே புதிய மாத்திரையை முந்தப் போதுமானதாக இருந்தது.

இங்கே வால்வு மாற்றும் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. மாத்திரையும் விலை அதிகமில்லை. அதற்குப் பிறகு வரும் முப்பது நாற்பது ஆண்டு ஐ.என்.ஆர். பரிசோதனைதான் நோயாளியின் தலையில் விழுகிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இலவசம். ஆனால் கிராமத்திலிருந்து விடிகாலைப் பேருந்து, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, ரிப்போர்ட் வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை என்று அன்றைய கூலி போய்விடும். இரண்டு மாதம் தள்ளிப்போடலாம் என்று யாருக்கும் தோன்றும்.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஒரு நிமிடத்தில் ஐ.என்.ஆர். சொல்லும் கையடக்கக் கருவி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. நோயாளியே வீட்டில் பார்த்துக்கொண்ட 11 ஆய்வுகளின் தரவை, மொத்தம் 6,417 பேர், ஒன்றாகச் சேர்த்து 2012-ல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. ரத்தக்கட்டி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது; 55 வயதுக்குக் கீழே மூன்றில் ஒரு பங்காகவே சுருங்கியிருந்தது. கருவியின் பட்டை விலை கூடுதல் என்பது உண்மை. ஒரு பக்கவாத நோயாளியைப் படுக்கையில் வைத்துப் பராமரிக்க ஆகும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலேயே பரிசோதனையும் மாத்திரையும் தரும் திட்டம். அதில் பணியாற்றும் பெண்கள் குளுக்கோமீட்டரைக் கையாளப் பழகியவர்கள், ஐ.என்.ஆர். கருவி அதைவிடப் பெரிய வித்தை இல்லை. வால்வுக்காரர்கள் சர்க்கரை நோயாளிகள் அளவுக்கு இல்லை, ஒரு வட்டாரத்தில் எண்ணிவிடலாம். வட்டாரத்துக்கு ஒரு கருவி போதும். எண் எல்லையை விட்டு விலகினால் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட இதயநோய்ப் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அன்று மாலையே புதிய அளவைச் சொல்லிவிடலாம். காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு பொருத்திக்கொண்ட ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் அரசிடம் ஏற்கெனவே இருக்கின்றன. முதல் பட்டியலை அதிலிருந்தே எடுக்கலாம்.